உள் ஆய்வை வெட்டிவிட்டு வெளியே கதவைத் திறந்தால் புத்தாக்கம் கூடுமா?

பிரிவு: தொழில்நுட்ப மேலாண்மை › ஆய்வு உத்தி

#1 குறுக்குக்கோடு

விவாதத்துக்காக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர அளவு, தொழிற்சாலைகளுக்கான சென்சார்களும் அளவீட்டுக் கருவிகளும் செய்கிறது. விற்பனையில் 4 சதவீதம் ஆர் அண்ட் டி-க்கு (ஆய்வு, மேம்பாடு) போகிறது. ஆய்வுக் குழுவில் 45 பேர். நிர்வாகம் வைக்கும் யோசனை: உள் ஆய்வுச் செலவில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி, அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகக் கூட்டாய்வு, ஸ்டார்ட்அப் பைலட் (சிறிய அளவில் முன்னோட்டச் சோதனை), பொதுப் போட்டி என்று வெளியே போடுவது. "திறந்த புத்தாக்கம்" என்று பெயர்.

கேள்வி இரண்டு. இதனால் புத்தாக்கம் கூடும் என்பதற்குச் சான்று இருக்கிறதா? கூடியதா இல்லையா என்பதை எதை வைத்து அளப்பது? பொத்தாம்பொதுவான பதில் வேண்டாம். எங்கே உடையும், ஏன் உடையும் என்று சொன்னால் நல்லது.

#2 வளைவுநோக்கி

சான்று இருக்கிறது, ஆனால் நிர்வாகம் நினைக்கும் வடிவத்தில் இல்லை.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது லார்சன், சால்ட்டர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. பிரிட்டனின் 2,707 உற்பத்தி நிறுவனங்கள். வாடிக்கையாளர், சப்ளையர், போட்டியாளர், பல்கலைக்கழகம், கண்காட்சி, தரநிலை ஆவணங்கள் என 16 வெளி அறிவு மூலங்களில் எத்தனையைப் பயன்படுத்துகிறார்கள் என்பது "அகலம்". அவற்றில் எத்தனையை மிகுதியாக நம்புகிறார்கள் என்பது "ஆழம்". இரண்டும் புத்தாக்கத்துடன் தலைகீழ் யு வடிவில் போகின்றன. அகலம் ஏறத்தாழ 11 மூலங்கள் வரை பலன் தருகிறது, அதற்கு மேல் இறங்குகிறது. ஆழத்துக்குத் திருப்புமுனை 3. உலகுக்கே புதிதான பொருளென்றால் அகலத்தைவிட ஆழம்தான் கைகொடுக்கிறது. அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்கு ரிக்ரெஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் புள்ளியியல் கணக்கு) போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

உள் ஆய்வை வெட்டலாமா என்பதற்கு நேராகப் பதில் தருவது அதே ஆண்டில் வந்த காசிமன், வ்யூகலெர்ஸ் ஆய்வு. பெல்ஜிய உற்பத்தி நிறுவனங்களின் தரவு. உள்ளே ஆய்வும் வெளியிலிருந்து தொழில்நுட்பம் பெறுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன, இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களே முன்னே நிற்கிறார்கள் என்று காட்டியது. இதற்கு அடிப்படை கோஹனும் லெவிந்தாலும் 1990-இல் சொன்ன "உள்வாங்கும் திறன்". உள் ஆய்வு புதுப் பொருளை மட்டும் தருவதில்லை. வெளியே இருப்பதில் எது சரக்கு, எது வெறும் காகிதம் என்று தரம் பிரிக்கும் அறிவையும் தருகிறது. 45-இல் மூன்றில் ஒரு பங்கான 15 பேரை அனுப்பிவிட்டால் பல்கலைக்கழக அறிக்கையை வாசித்துக் கேள்வி கேட்க யார் இருப்பார்கள்?

#3 நேர்மாறன்

> உள் ஆய்வும் வெளி அறிவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன

பாதியைத்தான் சொல்கிறீர்கள். நீங்கள் முதலில் காட்டிய லார்சன்–சால்ட்டர் ஆய்விலேயே ஆர் அண்ட் டி தீவிரத்துக்கும் (விற்பனையில் ஆய்வுக்குப் போகும் பங்கு) திறந்த தேடலுக்கும் இடையிலான பெருக்கல் கெழு (இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் எண்) எதிர்மறை. அதாவது ஒன்று மற்றொன்றுக்கு ஈடாக நிற்கிறது. நிர்வாகத்தின் யோசனைக்கு அதுவே ஆதரவு. வசதியான ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டுவது முறையல்ல.

#4 வளைவுநோக்கி

நியாயமான பிடி. முரண் போலத் தெரிவதற்குக் காரணம் இரண்டு ஆய்வுகளும் "வெளி" என்று அளந்தது வேறு வேறு. ஒன்று தகவல் மூலங்களின் எண்ணிக்கை. கண்காட்சிக்குப் போவதும் சப்ளையரிடம் பேசுவதும் அதில் சேரும். மற்றது உரிமம் வாங்குவது, ஆய்வை ஒப்பந்தத்துக்கு விடுவது, ஆள் எடுப்பது போன்ற கொள்முதல். தகவலைக் கேட்டு வருவது சில இடங்களில் உள் ஆய்வுக்கு ஈடாகலாம். தொழில்நுட்பத்தை வாங்கிவந்து தன் பொருளுக்குள் பொருத்த உள்ளே கை வேண்டும்.

இன்னொன்று: எதிர்மறைப் பெருக்கல் கெழுவின் பொருள் "உள் ஆய்வு அதிகமுள்ள இடத்தில் கூடுதலாக ஒரு மூலம் தரும் பலன் சிறிது" என்பதுதான். உள்ளே ஏற்கெனவே நல்ல குழு இருந்தால் வெளியார் சொன்னதை மதிக்காத போக்கும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். காட்ஸ், ஆலன் இருவரும் 1982-இல் 50 ஆய்வுக் குழுக்களைப் பார்த்தார்கள். உறுப்பினர்கள் ஒன்றாக இருக்கும் சராசரிக் காலம் ஏறக்குறைய 5 ஆண்டைத் தாண்டியதும் வெளித்தொடர்பு குறைகிறது, செயல்திறனும் கூடவே இறங்குகிறது. இதற்கு மருந்து குழுவுக்குள் ஆட்களை மாற்றுவது. குழுவையே வெட்டுவது அல்ல.

#5 பட்டறைக்காரன்

11, 3 என்ற எண்களை யாரும் ஸ்லைடில் இலக்காகப் போட்டுவிட வேண்டாம். அவை ஒரு நாட்டு மாதிரியின் சராசரித் திருப்புமுனை.

#1-க்கு வருகிறேன். இப்படிப்பட்ட நிறுவனத்தில் திறந்த புத்தாக்கம் உடைவது பெரும்பாலும் யோசனை கிடைக்காததால் அல்ல, கிடைத்தது போய்ச் சேர இடமில்லாததால். தொழில்நுட்ப ஆயத்த நிலை என்று நாசா தொடங்கி இன்று எல்லோரும் பயன்படுத்தும் 9 படி அளவுகோலை வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஒப்படைப்பது வழக்கமாக 3 அல்லது 4: ஆய்வக மேசையில் வேலை செய்யும் சென்சார், பட்டதாரி மாணவர் கையால் ஒட்டியது. உற்பத்தி வரிசை கேட்பது 7-க்கு மேல்: உண்மையான சூழலில் ஓடிய முன்மாதிரி. நடுவில் உள்ள 5, 6 யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. உறையிடல், வெப்பச் சுழற்சி, அதிர்வு, மின்காந்த இடையூறு, அளவீட்டு நகர்வு (காலப்போக்கில் அளவு மெல்ல விலகுவது), உதிரிபாகங்களுக்கு இரண்டாவது சப்ளையர் – செலவு முழுக்க அங்கேதான். உள் ஆய்வில் வெட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான், ஏனென்றால் பார்வைக்கு அது "ஆய்வு" போலவே இருக்காது.

கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்:

1. பெறுநர், அதாவது வெளியிலிருந்து வருவதை உள்ளே வாங்கி முன்னெடுப்பவர். ஒரு துறையின் பெயர் போதாது, ஒரு பொறியாளரின் பெயர் வேண்டும். அவருடைய நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் இதற்கென்று வேலைத்திட்டத்தில் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். "மற்ற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்வார்" என்றால் ஆறாவது வாரம் கைவிடப்படும்.
2. ஏற்புச் சோதனை. "துல்லியமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் பின்னால் சண்டை. எத்தனை மாதிரிகள், எந்த வெப்ப வரம்பு, எத்தனை மணி நேர ஓட்டம், எவ்வளவு நகர்வு வரை ஏற்பு, எந்தக் கருவியில் சரிபார்ப்பு என்று வரவேண்டும். உதாரணம்: 30 மாதிரிகள், −20 முதல் 85 டிகிரி, 1,000 மணி நேரம், முழு அளவில் 0.5 சதவீதத்துக்குள் நகர்வு.
3. 4-இலிருந்து 7 வரையான செலவுக்கு இப்போதே ஒதுக்கீடு. கைக்கணக்காக, வெளியே கொடுக்கும் 100-க்கு உள்ளே 50 முதல் 100 வரை. ஆய்வு முடிவு அல்ல, திட்டமிடப் போதுமான அளவு. வன்பொருளில் மேல் எல்லையை ஒட்டியே வரும்.
4. நிறுத்தும் தேதி. அன்று முடிவு எடுக்கப்படாவிட்டால் திட்டம் தானாகவே முடிந்ததாகப் பொருள்.

ஸ்டார்ட்அப் பைலட் பற்றி ஒரு கூடுதல் எச்சரிக்கை. அவற்றைக் கொல்வது தொழில்நுட்பத்தைவிட அதிகமாகக் கொள்முதல் பிரிவு. புதிய சப்ளையர் பதிவுக்கு மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு கேட்கும் படிவத்தை, தொடங்கி 14 மாதமான நிறுவனத்திடம் நீட்டுவார்கள். தகவல் பாதுகாப்பு ஒப்புதல் ஒரு காலாண்டு. அதற்குள் 12 வார பைலட்டில் எட்டு வாரம் போயிருக்கும். பைலட்டுகளுக்கென்று தனியாக எளிய ஒப்பந்தம், தொகைக்கு மேல் எல்லை, 30 நாளில் பணம், உற்பத்தி வரிசையில் முன்பதிவு செய்த நேரம், முதல் வாரத்திலேயே தரவு அனுமதி. இவை தயாராகும் முன் அழைப்பு விடக் கூடாது. இலவச பைலட் கேட்பதும் வேண்டாம். பணம் கொடுக்காத பைலட்டில் உள்ளே யாருக்கும் அக்கறை இருக்காது.

#6 குறுக்குக்கோடு

மிக்க நன்றி. நிர்வாகம் எடுத்துக்காட்டுவது பி அண்ட் ஜி-யை (சோப்பு, டயப்பர் போன்ற வீட்டுப் பொருள்கள் செய்யும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள்). வெளியிலிருந்து பாதிக்குப் பாதி எடுத்து வென்றார்கள் என்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

#7 ஆய்வகச்சாவி

அந்த எடுத்துக்காட்டை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். 2000-இல் லாஃப்லி தலைவரானபின் பாதிப் புத்தாக்கம் வெளியிலிருந்து வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். 2006-இல் நிறுவனம் சொன்ன கணக்குப்படி, புதுப் பொருள்களில் 35 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் வெளியிலிருந்து வந்த கூறு இருந்தது. 2000-இல் அது 15 சதவீத அளவு. "கூறு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருளே வெளியிலிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அப்போது உள்ளே சுமார் 7,500 ஆய்வாளர்கள் இருந்தார்கள். பாதி நம் ஆய்வகங்களிலிருந்து, பாதி அவற்றின் வழியாக என்பதே அங்கே சொல்லப்பட்ட சூத்திரம்.

அப்போது பி அண்ட் ஜி-யிடம் இருந்த பிரிங்கிள்ஸ் சிப்ஸில் படமும் எழுத்தும் அச்சிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இத்தாலியின் போலோன்யாவில் ஒரு சிறு பேக்கரியில் உண்ணத்தக்க மையை அச்சிடும் முறை இருந்தது. 2004-இல் பொருள் சந்தைக்கு வந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வைத்தது, தேவையைத் தொழில்நுட்ப மொழியில் ஒரு சுருக்க ஆவணமாக எழுதி ஐரோப்பா முழுக்கத் தங்கள் தொடர்பு வலையில் சுற்றவிட்டதுதான். அந்த ஆவணத்தை எழுதத் தெரிந்தவர் உள் ஆய்வாளர்.

#8 மதிப்பீட்டாளன்

பொதுப் போட்டி பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது.

போட்டி எப்போது பயன்படும்: பிரச்சினையைத் தனியே பிரித்தெடுக்க முடியும், விடை சரியா என்று மலிவாகச் சோதிக்க முடியும், விடை எந்தத் துறையிலிருந்து வரும் என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றும் வேண்டும். மருந்து நிறுவனமான எலை லில்லி 2001-இல் தொடங்கிய இன்னோசென்டிவ் என்ற பொதுப் போட்டித் தளத்தின் 166 அறிவியல் சவால்களை ஆராய்ந்த யெப்பெசன், லக்கானி ஆய்வில், பிரச்சினையின் துறைக்குத் தூரத்தில் இருந்தவர்களே விடை காணும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே உங்கள் துறைக்காரர்களுக்கு மட்டும் புரியும் மொழியில் அறிவிப்பு எழுதினால், எவரிடமிருந்து விடை வரக்கூடுமோ அவரையே வாசலில் தடுக்கிறீர்கள்.

நல்ல அறிவிப்பு இரண்டு பக்கத்துக்குள் முடியும். பயன்பாட்டைச் சொல்லாமல் இயற்பியல் பிரச்சினையாக மாற்றி எழுதுவது ("பால் குழாயில் படியும் கொழுப்பு" என்பதற்குப் பதில் "5 டிகிரியில் ஓடும் கூழ்மத்திலிருந்து உலோகப் பரப்பில் படியும் மெல்லிய அடுக்கு"), ஏற்கெனவே முயன்று தோற்ற வழிகள், எண்ணாலான எல்லைகள், ஏற்க முடியாத தீர்வு வகைகள், உரிமை விதி, மதிப்பெண் முறை. தோற்ற வழிகளைச் சொல்ல எல்லோரும் தயங்குவார்கள், போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று. சொல்லாவிட்டால் வரும் விடைகளில் பாதி அதே வழிகள்தான்.

மதிப்பீட்டு நேரத்தைக் கணக்கில் எடுங்கள். 120 விடைகள், ஒன்றுக்கு 40 நிமிடம், இரண்டு மதிப்பீட்டாளர்: 160 மணி நேரம், அதுவும் மிக மூத்த பொறியாளர்களின் நேரம். இது பரிசுத்தொகையில் தெரியாது.

வென்ற விடை பயன்படாமல் போவதும் உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் 2006-இல் பரிந்துரைத் துல்லியத்தை 10 சதவீதம் உயர்த்த 10 லட்சம் டாலர் அறிவித்து 2009-இல் கொடுத்தது. இடைக்காலப் பரிசு பெற்ற தீர்விலிருந்து இரண்டு வழிமுறைகளை எடுத்து ஓடவிட்டார்கள். இறுதியில் வென்ற பெரும் கலவையை ஓடவிடவில்லை. கூடுதல் துல்லியம் அதைக் கட்டும் பொறியியல் உழைப்புக்கு ஈடாகவில்லை, அதற்குள் வணிகமும் டிவிடி-யிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்கு நகர்ந்திருந்தது. போட்டி அளவுகோலை எட்டுகிறவர் அளவுகோலை மட்டும்தான் எட்டுவார். இயக்கச் செலவு, கணினிச் சுமை, பராமரிப்பு ஆகியவற்றை மதிப்பெண்ணிலேயே சேர்க்காவிட்டால் இதுதான் நடக்கும்.

#9 ஒப்பந்தக்கண்

உரிமை விஷயத்தில் அடிக்கடி வெடிக்கும் மூன்று இடங்கள்.

"கூட்டு உரிமை" என்று ஒற்றை வரி எழுதிவிட்டுப் போவது. பேச்சை முடிக்க அது சுலபமான வழி, பின்னால் அதுவே தலைவலி. அமெரிக்கச் சட்டத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமையின் ஒவ்வொரு கூட்டு உரிமையாளரும் மற்றவரைக் கேட்காமலும் பங்கு கொடுக்காமலும் பயன்படுத்தலாம், உரிமமும் கொடுக்கலாம். பிரிட்டனில் உரிமம் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். இரு நாட்டிலும் விற்கும் பொருளென்றால் ஒரே காப்புரிமைக் குடும்பத்துக்கு (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் பெற்ற காப்புரிமைகள்) இரண்டு விதி. ஆகவே உரிமையைப் பயன்பாட்டுக் களம்படி பிரியுங்கள்: இந்த வகைக் கருவிகளுக்கு நிறுவனத்துக்குத் தனியுரிமம், மற்றதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு. காப்புரிமையின் பெயர் யாரிடம் இருக்கிறது என்பது அப்போது பெரிதல்ல.

முன்னறிவுப் பட்டியல். கூட்டாய்வு தொடங்கும் நாளில் யார் எதை ஏற்கெனவே வைத்திருந்தார் என்பதைப் பின்னிணைப்பாகத் தேதியோடு பதிவு செய்யாவிட்டால், முடிவில் வந்தது புதிதா பழையதா என்று நிரூபிக்க வழியில்லை. அந்த முன்னறிவு இல்லாமல் புதியதைப் பயன்படுத்த முடியாதென்றால், அதற்கும் உரிமம் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதை விட்டவர்கள்தான் இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்கள்.

வெளியீடு. பல்கலைக்கழகம் வெளியிடும், அதைத் தடுக்கவும் கூடாது. ஐரோப்பாவில் காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன் கண்டுபிடிப்பாளரே மேடையில் சொன்னாலும் புதுமை போச்சு. அமெரிக்காவில் ஓராண்டுச் சலுகை உண்டு, அதை நம்பி ஐரோப்பாவை இழந்தவர்கள் நிறைய. வரைவு 30 நாள் முன்னதாகப் பார்வைக்கு, தேவைப்பட்டால் விண்ணப்பத்துக்காக 60 நாள் தள்ளிவைப்பு என்று போடுவது இரு தரப்பும் ஏற்கும் அளவு. மாணவர் ஆய்வேட்டுத் தேதியை மட்டும் எதற்காகவும் தொடாதீர்கள்.

#10 மூன்றாமாண்டு

இதே தலைப்பில் ஆய்வேடு எழுதுகிறேன். சார்பு மாறி: கடந்த 3 ஆண்டில் அறிமுகமான பொருள்களின் விற்பனைப் பங்கு. சாரா மாறிகள்: ஆர் அண்ட் டி தீவிரம், அகலம், ஆழம், அவற்றின் வர்க்கம். 210 நிறுவன மேலாளர்களிடம் கேள்வித்தாள். அகலத்தின் வர்க்கக் கெழு எதிர்மறை, புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது (தற்செயல் என்று தள்ள முடியாதது). தலைகீழ் யு நிரூபணமாகிவிட்டது என்று எழுதலாமா அண்ணா?

#11 வளைவுநோக்கி

எழுத வேண்டாம் தம்பி. வர்க்கக் கெழு குறிப்பிடத்தக்கதாக இருப்பது மட்டும் போதாது. லிண்ட், மெலும் 2010-இல் கொடுத்த சோதனையைப் போடுங்கள்: தரவின் கீழ்முனையில் சரிவு நேர்மறையாகவும் மேல்முனையில் எதிர்மறையாகவும் இருக்க வேண்டும், இரண்டும் தனித்தனியே குறிப்பிடத்தக்கவையாக. திருப்புமுனை தரவு எல்லைக்குள் நன்றாக உள்ளே விழ வேண்டும். பல ஆய்வுகளில் 14-க்கு மேல் மூலம் பயன்படுத்தும் நிறுவனம் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். அங்கே வளைவு இறங்குவது கணிதத்தின் கட்டாயம், தரவின் சாட்சியம் அல்ல.

விற்பனைப் பங்கு 0-க்கும் 100-க்கும் இடையே அடைபட்டது, 0-இல் ஒரு பெரும் குவியல் இருக்கும். சாதாரண ரிக்ரெஷன் பொருந்தாது. இப்படி அடைபட்ட எண்களுக்கான டோபிட் அல்லது பின்ன லாஜிட் முறை வேண்டும். அந்த 0-களிலும் இரண்டு ரகம்: முயலாதவர், முயன்றும் கிடைக்காதவர். ஒரே கூடையில் போடாதீர்கள். க்ரேபொன், டுகே, மேரெஸ் 1998-இல் கொடுத்த மாதிரி இதற்காகவே அடுக்கடுக்காகப் போகிறது: ஆய்வு செய்ய முடிவு, ஆய்வுச் செலவு, புத்தாக்க வெளியீடு, உற்பத்தித்திறன்.

ஒரே மேலாளரே "நாங்கள் திறந்தவர்கள்", "நாங்கள் புதுமையானவர்கள்" இரண்டுக்கும் டிக் அடித்திருப்பார். எல்லாப் பதில்களும் ஒரே பின்னணிக் காரணியில் அடங்குகின்றனவா என்று பார்க்கும் ஒற்றைக் காரணிச் சோதனை இதைத் தீர்க்காது. விற்பனைப் பங்கைக் கணக்குப் பிரிவிடமிருந்து பெறுங்கள், முடிந்தால் இரண்டு ஆண்டு தள்ளி. கடைசியாக, சிக்கலில் மாட்டிய நிறுவனங்கள்தான் எல்லாக் கதவையும் தட்டுகின்றன. வளைவின் வலப்பக்கச் சரிவில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கும்.

#12 நேர்மாறன்

இவ்வளவு பேசியும் உத்தி என்ற சொல் வரவில்லை. திறப்பதா மூடுவதா என்பது இரண்டாவது கேள்வி. எதைத் தேடுகிறோம், எதை எப்போது கைவிடுகிறோம் என்பதே முதல் கேள்வி. மருந்து நிறுவனமான ஆஸ்ட்ராசெனெகா 2005 முதல் 2010 வரையிலான தன் திட்டங்களைத் தானே பிரேதப் பரிசோதனை செய்தது. வேட்பு மருந்தாகத் தேர்வானதிலிருந்து மூன்றாம் கட்டச் சோதனை முடிக்கும் வரை தாக்குப்பிடித்தவை 4 சதவீதம். காரணங்களில் ஒன்று, எத்தனை மூலக்கூறுகளை அடுத்த கட்டத்துக்குத் தள்ளினோம் என்ற எண்ணிக்கை இலக்கு. 2011-இல் சரியான இலக்கு, சரியான திசு, சரியான பாதுகாப்பு, சரியான நோயாளி, சரியான வணிக வாய்ப்பு என்று ஐந்து கேள்விகளாக மாற்றினார்கள். 2012–2016 காலத்தில் அது 19 சதவீதமானது. வெளிக் கதவு எவ்வளவு அகலம் என்பதற்கு முன்னால், உள்ளே வாயிற்படியில் என்ன கேட்கப்படுகிறது என்பது இங்கே வேலை செய்தது.

திறப்பிலும் எல்லோருக்கும் திறப்பது ஒரே வடிவம் அல்ல. சிப் அச்சிடும் இயந்திரங்கள் செய்யும் டச்சு நிறுவனமான ஏஎஸ்எம்எல் 2012-இல் தன் வாடிக்கையாளர்களான இன்டெல், டிஎஸ்எம்சி, சாம்சங் மூவரையும் பங்குதாரராக்கியது: மொத்தம் 23 சதவீதப் பங்கு, அதோடு ஐந்து ஆண்டு ஆய்வுக்கு 138 கோடி யூரோ. அதீதப் புற ஊதா லித்தோகிராஃபி (சிப்பில் மிக நுண்ணிய வடிவங்களை ஒளியால் பதிக்கும் முறை) அந்தக் காலத்தில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. மூன்றே பேர், ஆனால் ஆழம்.

#13 குறுக்குக்கோடு

அளவீட்டுக் கேள்வி மிச்சமிருக்கிறது. இரண்டு ஆண்டில் எதைப் பார்ப்பது?

#14 பட்டறைக்காரன்

முதலில் ஒரு கணக்குப் பொறி. ஆய்வுச் செலவைக் கணக்கிடும் ஃப்ரஸ்காட்டி கையேடு உள்ளே செய்வதையும் வெளியே கொடுப்பதையும் தனித்தனி வரியில் வைக்கிறது. வெட்டி வெளியே போட்டால் உள் ஆய்வுச் செலவு குறைந்ததாகத் தெரியும். புது விற்பனை மாறாமலே "ஒரு ரூபாய்க்கு இவ்வளவு புத்தாக்கம்" என்ற விகிதம் உயரும். ஸ்லைடில் அழகாக இருக்கும். இரண்டையும் கூட்டி, பெறுநரின் நேரத்தையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

சென்சார் தொழிலில் புதுப் பொருளின் விற்பனைப் பங்கு இரண்டு ஆண்டில் அசையாது. வடிவமைப்பிலிருந்து வாடிக்கையாளர் ஒப்புதல் வரை அதற்கு மேல் ஆகும். அந்தப் பங்கையும் சந்தைக்கே புதிது, நிறுவனத்துக்கு மட்டும் புதிது என்று பிரியுங்கள். லேபிள் மாற்றிய பழைய பொருள் இரண்டாவதில் போய் ஒளியும்.

இடையில் பார்க்க வேண்டியவை: முதல் தொடர்பிலிருந்து ஆம்/இல்லை சொல்ல எத்தனை நாள், வெளியிலிருந்து வந்தவற்றில் உள்ளே பெயர் சொல்லும் பெறுநரை அடைந்தவை எத்தனை, நிலை 7-ஐ அடைந்த ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவு, இதே கணக்கு உள் திட்டங்களுக்கும். கடைசி எண்ணை வெட்டுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். வெட்டிய பிறகு ஒப்பிட அடிப்படை கிடைக்காது. "எத்தனை ஸ்டார்ட்அப்களைச் சந்தித்தோம்" என்ற எண் வேண்டவே வேண்டாம். அதை இலக்காக்கினால் சந்திப்பு மட்டுமே பெருகும்.

#15 ஆய்வகச்சாவி

வெட்டுவது உறுதி என்றால் வரிசையாவது முக்கியம். சோதனை மேசை, அளவுத்திருத்த ஆய்வகம், நம்பகத்தன்மைக் குழு, இவற்றைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து வருவதைச் சரிபார்க்க இருப்பது அவைதான். நிறுத்தலாம் என்று பார்க்க வேண்டியது, வெளியே விலைக்குக் கிடைக்கும் ஒன்றை உள்ளே மறுபடி செய்துகொண்டிருக்கும் திட்டங்கள். சிக்னல் பதப்படுத்தும் பொது மென்பொருள், வழக்கமான கம்பியில்லாத் தொடர்பு மாட்யூல் போன்றவை. அவற்றில் இருப்பவர்களை #5-இல் சொன்ன பெறுநர் வேலைக்கு மாற்றினால், மூன்றில் ஒரு பங்கு வெட்டு ஆறில் ஒன்றாகக் குறையும். நிர்வாகத்தின் ஸ்லைடும் பாதி நிற்கும்.

#16 நேர்மாறன்

மாற்றப்படுகிறவர்கள் சம்மதித்தால். நேற்று வரை தான் செய்ததை இன்று வெளியாள் செய்வதை மதிப்பிடச் சொன்னால், முதல் மூன்று மதிப்பீடுகள் "தகுதியில்லை" என்றுதான் வரும். அவர் உருவாக்கிய பொருளோடு போட்டியிடாத தொழில்நுட்பத்துக்கு அவரைப் பெறுநராக்குங்கள். ஏற்புச் சோதனையின் எண்களை அவர் எழுதலாம், ஆனால் வெளி மாதிரி வந்து சேரும் முன்பே எழுதிப் பூட்டிவிட வேண்டும்.